சாவுக்கு மெட்டுக் கட்டியவர்

கூண்டைச் சரியாகப் பூட்டாததால் ஒரு கொரில்லா வெளியே வந்துவிடுகிறது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் தலைதெறிக்க ஓடுகிறது. ஓடாமல் நிற்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நூறு வயதுக் கிழவி, மற்றவர் இளம் நீதிபதி. கொரில்லாவுக்கு வந்திருப்பது காமவெறி. இருவரில் யாரை அது இழுத்துக்கொண்டு போகும் என்ற கேள்வியைப் பாட்டு அவசரமே இல்லாமல், கண்ணி கண்ணியாக வளர்த்துக்கொண்டு போகிறது. கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். கொரில்லா நீதிபதியைப் பிடித்துப் புதருக்குள் இழுத்துப் போகிறது. கடைசிக் கண்ணியில் நீதிபதி அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறார். அதே நாளில் அவருடைய தீர்ப்பால் தலை வெட்டப்பட்ட மனிதனும் அப்படித்தான் அழுதான் என்று பாடகர் சொல்கிறார். பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அறை சட்டென்று அடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தப் பாட்டு 1952இல் வெளிவந்தது. பிரான்சில் தலை வெட்டும் கில்லட்டின் அப்போது புழக்கத்தில் இருந்தது. வானொலி இந்தப் பாட்டை 1955 வரை ஒலிபரப்பவில்லை. எழுதி, மெட்டமைத்து, கிதாரோடு பாடியவர் ழோர்ழ் பிராஸான்ஸ்.

புதுச்சேரியில் கிதாரோடு பாடுகிறவன் நான். பெரிய மேடை கிடையாது. நண்பர் வீட்டு மொட்டைமாடி, சிறிய அரங்கு, புத்தகக் கடையின் பின்கூடம், இவைதான் என் இடங்கள். இந்த ஊரில் 1889 முதல் அல்லியான்ஸ் ஃபிரான்ஸேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் இருக்கிறது. பிரெஞ்சு பேசும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. அந்தச் சூழலில் பிரெஞ்சு படித்த எனக்கு, மொழியோடு சேர்ந்து கிடைத்த பெரிய செல்வம் பிராஸான்ஸ். கிதார் பிடிக்க விரல்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் வேறு பலர். பாட்டு எழுதுவது என்ன வேலை என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். சாவை, தண்டனையை, வறுமையை, ஊராரின் பொல்லாத வாயை வைத்துச் சிரிக்கவைப்பது எப்படி என்பதையும், அப்படிச் சிரிக்கவைத்தபின் கேட்பவர் மனத்தில் இரக்கம் மட்டும் மிஞ்சும்படிச் செய்வது எப்படி என்பதையும் அவரிடமிருந்து இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பிராஸான்ஸ் 1921 அக்டோபர் 22 அன்று, பிரான்சின் தென்கரையில் உள்ள சேத் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா கொத்தனார், கட்டட வேலைக்காரர். அம்மா எல்வீரா, தென் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண், பாட்டுப் பைத்தியம். கேட்ட பாட்டின் வரிகளை நோட்டில் எழுதிவைத்துப் பாடுவார். வீட்டில் மாண்டலின் இருந்தது. இத்தாலிய நாட்டுப்புறத் துள்ளலும், ஷார்ல் திரெனே காலத்துப் பிரெஞ்சு சினிமா மெட்டுகளும், அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸும் அந்தப் பையனின் காதில் ஒன்றாகக் கலந்தன. பள்ளியில் அல்ஃபோன்ஸ் பொன்னஃபே என்ற ஆசிரியர் கவிதையின் கதவைத் திறந்துவிட்டார்.

பதினேழு பதினெட்டு வயதில் கூட்டாளிகளோடு நகைத் திருட்டில் மாட்டிக்கொண்டார். காவல் நிலையத்துக்கு மகனைக் கூட்டிப்போக வந்த அப்பா, அடிக்கவில்லை, திட்டவில்லை. எதுவும் நடக்காததுபோல மகனிடம் பேசினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1966இல், அந்தச் சம்பவத்தை வைத்து 'லே காத்ர் பஷெலியே' என்ற பாட்டை எழுதினார் பிராஸான்ஸ். நான்கு பையன்கள், நான்கு அப்பாக்கள். மற்ற மூவர் கையை உதறிவிடுகிறார்கள். நான்காவது அப்பா மட்டும் மகனுக்கு வணக்கம் சொல்கிறார். பிராஸான்ஸின் நகைச்சுவையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அப்பாவின் நினைவு வரும். தண்டிக்கும் அதிகாரம் கையில் இருந்தும் தண்டிக்காத ஒரு மனிதரை அருகிலிருந்து பார்த்தவர் இந்தப் பாடகர். நீதிபதியையும் காவலரையும் சாகும்வரை அவர் பாட்டில் சீண்டிக்கொண்டே இருந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

1940இல் பாரிசுக்கு வந்தார். அத்தை வீட்டில் ஒரு பியானோ இருந்தது. தானாகவே தட்டித் தட்டிப் பழகினார். ரெனோ கார் தொழிற்சாலையில் சில காலம் வேலை பார்த்தார். பிறகு நாள்தோறும் நகராட்சி நூலகத்துக்குப் போய் வியோன், பொதலேர், வெர்லேன், உய்கோ என்று கவிஞர்களை ஒவ்வொருவராக எடுத்துப் படித்தார். 1943 மார்ச்சில் ஜெர்மானியர் அவரைக் கட்டாய உழைப்புக்காக பெர்லின் அருகே பாஸ்டார்ஃப் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஓராண்டு கழித்து விடுப்பில் பாரிசுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. தப்பியோடியவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் ழான் என்ற பெண்மணி. இம்பாஸ் ஃப்ளோரிமோன் என்ற முட்டுச்சந்தில் அவருக்கும் கணவர் மார்சேலுக்கும் சிறிய வீடு. குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை. நாய், பூனை, வாத்து எல்லாம் இருந்தன. ஒளிந்துகொள்ள வந்தவர் அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் தங்கினார். புகழும் பணமும் வந்தபிறகும் 1966 வரை அந்த முட்டுச்சந்தை விட்டு அவர் போகவில்லை. விறகு தந்தவனுக்கும் ரொட்டி தந்தவளுக்கும் நன்றி சொல்லும் 'ஷான்ஸோன் பூர் லோவெர்ன்யா' என்ற பாட்டு இந்தத் தம்பதிக்கான காணிக்கை.

வாழ்க்கைக் கதையை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இருட்டான நகைச்சுவை எழுத வரும் இளைஞர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். அதிர்ச்சி தரும் வரி ஒன்று கிடைத்துவிட்டால் பாட்டு ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பிராஸான்ஸின் வரிகள் அதிர்ச்சி தருகின்றன என்பது உண்மை. ஆனால், அந்த வரிக்குப் பின்னால் சொல்கிறவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது எப்போதும் தெளிவாக இருக்கும். தலை வெட்டப்பட்டவன் பக்கம், பசித்தவன் பக்கம், ஊர் ஒதுக்கிவைத்தவன் பக்கம். கேட்பவருக்கு இது தெரிந்துவிட்டால், எவ்வளவு கறுப்பான வேடிக்கைக்கும் அவர் பாடகரோடு துணிந்து வருவார்.

இனி இந்தக் கலை எங்கே உருவானது என்று பார்க்கலாம். பாரிஸின் கபரேக்கள் நம் பழைய சினிமாக்களில் பார்த்த காபரே நடனக் கூடங்களைப் போன்றவை மட்டுமல்ல. மோன்மார்த்ர் மேட்டிலும் சேன் ஆற்றின் இடக்கரையிலும் சின்னச் சின்ன அறைகள் இருந்தன. சில மேசைகள், குடிக்க ஏதாவது, மூலையில் கைகால் நீட்ட முடியாத ஒரு மேடை, அதில் ஒரு பாடகர். எழுதுகிறவரே வந்து பாடும் வழக்கம் இந்த அறைகளில் வேரூன்றியிருந்தது. 1952இல் பத்தாஷூ என்ற பாடகி மோன்மார்த்ரில் இப்படி ஒரு கபரே நடத்திவந்தார். பத்திரிகையில் வேலை பார்த்த சேத் நண்பர்கள் சிபாரிசு செய்ய, பிராஸான்ஸ் தன் பாட்டுகளைக் கொண்டுபோனார். யாராவது நல்ல பாடகர் வாங்கிப் பாடினால் போதும் என்பதுதான் அவருடைய எண்ணம். முப்பது வயது, கூச்ச சுபாவம், மேடை என்றாலே வியர்த்துக் கொட்டும். பத்தாஷூ கேட்டார், சிலவற்றைத் தானே பாடுவதாக ஏற்றுக்கொண்டார். மற்றவற்றை எழுதியவரேதான் பாட வேண்டும் என்று அவரை மேடையில் ஏற்றிவிட்டார். அங்கே கான்ட்ராபாஸ் என்ற பெரிய அடிக்குரல் தந்திக்கருவியை வாசித்துக்கொண்டிருந்த பியர் நிக்கொலா பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். அன்று தொடங்கிய துணை பிராஸான்ஸின் மேடை வாழ்க்கை முழுக்க நீடித்தது.

அந்தக் காலத்து ஒளிப்பதிவுகளைப் பார்த்துப் பாடம் படிக்கலாம். ஒரு நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்திருப்பார். கிதார் தொடைமேல். கை அசைவு, நடிப்பு, பாட்டுகளுக்கு இடையில் பேச்சு, எதுவும் கிடையாது. எப்போதாவது ஒரு குறும்பு வரியில் மீசைக்கடியில் சிரிப்பு எட்டிப்பார்க்கும். அடுத்த வரி தொடங்குவதற்குள் அது மறைந்துவிடும். கண்கள் பெரும்பாலும் கூட்டத்தைத் தேடாது. அவர் கூட்டத்திடம் சிரிப்பைக் கேட்டு வாங்கவில்லை. வந்தால் வரட்டும் என்று சொல்லை மட்டும் தெளிவாக வைக்கிறார். ஒவ்வொரு மெய்யெழுத்தும் காதில் விழும். தெற்கத்திக்காரர்களின் உருட்டிய உச்சரிப்பு அதற்கு உதவியது.

சின்ன அறையில் பாடுகிறவருக்கு இந்தத் தெளிவு உயிர்நாடி. கதை சொல்லும் பாட்டில் ஒரு சொல் நழுவினால் அடுத்த நான்கு வரியும் வீண். நான் பழகும் முறை இது: முதலில் மெட்டே இல்லாமல், கிதாரின் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டைப் பேசுவேன். எதிரில் இருப்பவருக்குக் கதை முழுக்கப் புரிந்தால்தான் மெட்டைச் சேர்ப்பேன். சிரிப்பு வரும் என்று தெரிந்த இடத்துக்கு முன்னால் குரலை உயர்த்தவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். பாடகர் வரப்போகும் நகைச்சுவைக்குக் கண் காட்டிவிட்டால் அதன் உயிர் போய்விடும். கொரில்லாப் பாட்டின் கடைசி வரிக்கு இது பத்து மடங்கு பொருந்தும். முந்தைய கண்ணிகளைப் பாடிய அதே வேகம், அதே குரல், கிதாரில் அதே இரண்டு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்). அழுத்தம் கொடுத்தால் அது பிரசங்கமாகிவிடும்.

ஆம், கொரில்லாப் பாட்டு முழுவதும் இரண்டே கார்டில் ஓடுகிறது. கிதார் தொட்ட முதல் மாதத்திலேயே பிடிக்கக்கூடிய கார்டுகள். வலது கைப் பெருவிரல் அடித்தந்தியைத் தொடும். மற்ற விரல்கள் சேர்ந்து மேல்தந்திகளை இழுத்துவிடும். தொம், சக், தொம், சக் என்று கடைசிவரை ஒரே நடை. ஆனால், இதை வைத்து அவரை எளிய கிதார்காரர் என்று முடிவு கட்டிவிட முடியாது. அவருடைய மற்ற பாட்டுகளில் கார்டுகள் ஜாஸ்காரர்களின் பாதையில் வேகமாக மாறிக்கொண்டே போகும். ஜாங்கோ ரெய்ன்ஹார்டின் ஜிப்ஸி ஜாஸ் கிதார் நடை அவர் கையில் ஊறியிருந்தது. 1979இல் ஒரு ஜாஸ் குழு அவருடைய மெட்டுகளைச் சொல் இல்லாமல் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டபோது அவரே கூட இருந்து கிதார் வாசித்தார். சொற்களைக் கழற்றிவிட்டாலும் மெட்டுகள் தம் காலில் நின்றன. ஒலிப்பதிவில் இரண்டாவது கிதார் ஒன்று குரலைச் சுற்றிச் சின்னப் பதில்கள் சொல்லும். 1972 முதல் அதை வாசித்தவர் ழோயேல் ஃபாவ்ரோ. கொரில்லாவுக்கு இரண்டு கார்டு போதும் என்பது, மூன்றாவது தெரிந்தவர் எடுத்த முடிவு. அந்தக் கதைக்கு அலங்காரம் தேவைப்படவில்லை. நீதிமன்றத்தைப் பற்றிய பாட்டுக்கு ஊர்ச் சந்தையில் பாடும் நடை போதும் என்று முடிவு செய்திருக்கிறார்.

இதுதான் அவர் நாட்டுப்புறப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். கண்ணி, பல்லவி, மறுபடி கண்ணி. யார் பாடியது என்று தெரியாத பழைய கதைப்பாட்டுகளில் சொல்பவரின் உணர்ச்சி வெளியே தெரியாது. கொலையையும் கல்யாணத்தையும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போகும். அந்த நடுநிலை முகத்தை பிராஸான்ஸ் தன்னுடைய கருநகைச்சுவைக்கு எடுத்துக்கொண்டார். அதோடு பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞன் ஃபிரான்ஸுவா வியோனைத் தன் மூதாதையாக ஏற்றுக்கொண்டார். திருட்டு, சிறை, தூக்குத் தண்டனை எல்லாவற்றையும் கண்டவன் வியோன். மறைந்துபோன பெண்களைப் பற்றிய அவனுடைய புகழ்பெற்ற பாடலுக்கு 1953இல் பிராஸான்ஸ் மெட்டமைத்தார். ஐந்நூறு ஆண்டு பழைய அந்தக் கவிதை, கபரேயில் பாடும் புதுப்பாட்டாக ஒலித்தது.

கவிதைக்கும் மெட்டுக்கும் உள்ள உறவில் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. கம்யூனிஸ்ட் கவிஞர் லூயி அராகோனின் காதல் துயரக் கவிதை ஒன்றுக்கும், கத்தோலிக்கக் கவிஞர் ஃபிரான்ஸீஸ் ழாமின் பிரார்த்தனைக் கவிதை ஒன்றுக்கும் அவர் போட்டது ஒரே மெட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்த்தால் இரண்டுமே தமக்கென்று பிறந்த மெட்டில் இருப்பதாகத்தான் படும். மெட்டு உணர்ச்சியைத் தானாகத் தீர்மானிப்பதில்லை, சொல்லுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும் மெட்டு எந்த உணர்ச்சியையும் தாங்கும் என்ற பெரிய பாடம் அதில் இருக்கிறது. இருட்டான சொல்லுக்கு இருட்டான மெட்டு வேண்டும் என்று நினைக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் நான் இந்த இரண்டு பாட்டையும் போட்டுக்காட்டுகிறேன்.

சாவைப் பற்றிய அவருடைய பாட்டுகளைத் தனியே ஒரு மாலையாகத் தொடுக்கலாம். அவ்வளவு இருக்கின்றன, ஒன்று போல ஒன்று இல்லை.

முதல் இசைத்தட்டிலேயே ஒரு வெட்டியான் பாட்டு இருக்கிறது, 'லெ ஃபொஸ்வாயர்'. குழி வெட்டுகிறவன் பாடுகிறான். யாருக்கும் சாவு வர வேண்டும் என்று தான் விரும்புவதில்லை, ஆனால், யாரும் சாகாவிட்டால் தான் பட்டினி கிடந்து சாக வேண்டும் என்கிறான். சிரிப்பு வருகிறது. அடுத்த கணம் அது தொண்டையில் நிற்கிறது, ஏனென்றால் அவன் சொல்வது அப்பட்டமான கணக்கு. முடிவில், புதைக்கப்படுபவரிடம், கடைசி மண்வெட்டி மண்ணைத் தள்ளும்போது தான் பட்ட வேதனையைக் கடவுளிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறான். 'போவ்ர் மார்த்தேன்' பாட்டில் நகைச்சுவையே இல்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தைக் கொத்திய கூலி மார்த்தேன், சாவு வந்ததும் தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டு, யாருக்கும் சிரமம் கொடுக்காமல் படுத்துக்கொள்கிறான். இரண்டு பாட்டிலும் ஒரே மண்வெட்டி. ஒன்றில் சிரிக்கிறோம், மற்றதில் முடியவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடினால், பிராஸான்ஸுக்கு நகைச்சுவை ஒரு கருவி மட்டுமே என்பது புரியும். தேவைப்படாத இடத்தில் அவர் அதைக் கீழே வைத்துவிடுகிறார்.

1957இல் வந்த 'ஓங்க்ல் ஆர்ஷிபால்ட்' பாட்டில் மாமா ஒருவர் தன் கடிகாரத்தைத் திருடியவனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். வழியில் சாவு அவரைச் சந்திக்கிறது. தெருவில் ஆள் பிடிக்கும் பெண்ணைப்போல, சவத்துணியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி அவரை அழைக்கிறது. முதலில் மாமா கோபப்படுகிறார். என் கைக்குள் வந்துவிட்டால் இனி எந்த மனிதனும் எந்த முட்டாளும் உன்னைத் தொட முடியாது என்கிற பொருளில் சாவு ஆசை காட்டுகிறது. இருவரும் கைகோத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோலப் போகிறார்கள். மெட்டோ துள்ளிக் குதிக்கும் ஸ்விங். இதைப் பாடும்போது கிதாரின் துள்ளல் ஒரு கணமும் தளரக்கூடாது. சாவு ஆறுதலாக வருகிறது என்ற செய்தியை அந்தத் துள்ளல்தான் நம்பவைக்கிறது. குரலில் சோகத்தைச் சேர்த்தால் செய்தி தலைகீழாகிவிடும்.

'லே ஃபுனெராய் தான்தான்' இன்னொரு ரகம். அந்தக் காலத்துச் சாவு ஊர்வலம் எவ்வளவு அழகாக இருந்தது என்ற ஏக்கம்தான் பாட்டு. குதிரைகள், இறகுக் குஞ்சங்கள், சாவகாசமான நடை. இன்றைக்கோ மோட்டார் வண்டியில் பிணத்தைத் தூக்கிப்போட்டுப் பறக்கிறார்கள். அப்படிப் பறந்த ஒரு வண்டி மரத்தில் மோத, பிணத்தோடு போனவர்களும் பிணமாகிறார்கள். அதை அவர் பிரசவச் செய்தி சொல்லும் தொனியில் சொல்கிறார். இந்தப் பாட்டின் பொல்லாத்தனம் முழுவதும் ஒரு நியாயமான மனக்குறையில் நிற்கிறது. செத்தவருக்குச் செலவிட நமக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது என்பதே அது. புதுச்சேரியில் இதைப் பாடும்போது மொழி தெரியாதவர்களுக்கு முதலில் கதையைத் தமிழில் சொல்லிவிடுவேன். பறையும் பூமாரியுமாகப் போன சாவு ஊர்வலங்களைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

தன் சாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1955இல், முப்பத்து நான்கு வயதுகூட நிறையாதபோது 'லெ தெஸ்தமான்' என்று உயில் எழுதினார். பள்ளிக்கு மட்டம் போடுகிற பையனைப்போலச் சுற்றுவழியில் கல்லறைக்குப் போவதாகச் சொல்கிறார். மனைவி மறுமணம் செய்துகொள்ளலாம், புதுக் கணவன் தன் செருப்பையும் புகைக்குழாயையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால், தன் பூனைகளை அடித்தால் மட்டும் பேயாக வந்து தொல்லை கொடுப்பேன் என்கிறார். 1966இல் வந்த 'சுப்ளீக்' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் நீண்ட விண்ணப்பம். தன்னைச் சேத் கடற்கரை மணலில் புதைக்க வேண்டும் என்று கேட்கிறார். அதே ஊரில் பிறந்த கவிஞர் போல் வலேரி அங்குள்ள கடலோரக் கல்லறையில் இருக்கிறார். அவரைவிடச் சிறந்த கவிதை தன்னிடம் இல்லை, அவரைவிடக் கடலுக்குப் பக்கத்தில் தன் குழியாவது இருக்கட்டும் என்ற பணிவான போட்டி அதில் உண்டு. அடுத்தவர் சாவைப் பாடுகிறவர் தன் சாவையும் அதே தட்டில் வைத்துவிட்டார். இந்தத் துறையில் பாடுகிறவருக்குப் பேச உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இங்கிருந்துதான்.

இந்தப் பாட்டுகளைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோன பாடகர்களில் சிலர் கொரில்லாவைத் தொட்டிருக்கிறார்கள் என்பது வியப்பில்லை. இத்தாலியில் ஃபாப்ரிட்ஸியோ தே ஆந்த்ரே 1968இல் பாடினார். இங்கிலாந்தில் யார்க்ஷயர்க்காரர் ஜேக் தாக்ரே ஆங்கிலத்தில் பாடினார். தாக்ரே பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது பிராஸான்ஸைக் கண்டடைந்து, ஊர் திரும்பியபின் அதே வழியில் சொந்தமாக எழுதியவர். 1973இல் கார்டிஃப் நகரில் பிராஸான்ஸ் பாடியபோது அவருக்கு முன்னால் மேடையேறியவர் தாக்ரேதான். பிராஸான்ஸின் வேறு பாட்டுகளை ஸ்பானிய மொழிக்கு பாக்கோ இபான்யெஸ் கொண்டுபோனார். இவர்களில் யாரும் பிராஸான்ஸைப் போலச் செய்யவில்லை. தாக்ரேயின் பாட்டில் யார்க்ஷயர்ச் சிற்றூரும் அதன் வம்பும் இருக்கின்றன. தே ஆந்த்ரேயிடம் ஜெனோவாவின் துறைமுகச் சந்துகள் இருக்கின்றன. அவருடைய முறையை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தைத் தங்கள் ஊரில் தேடினார்கள்.

நானும் அதைத்தான் முயல்கிறேன். தமிழில் சாவுப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒப்பாரி இருக்கிறது, பட்டினத்தார் இருக்கிறார், சென்னையின் சாவு வீட்டுக் கானா இருக்கிறது. எனக்கு அமைந்த பொருள், சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி கொண்டுவருகிறவர். ராத்திரி எந்நேரமும் போன் வரும். குறுகலான படிக்கட்டில் பெட்டியைத் திருப்பி ஏற்ற வேண்டும். அழுகைக்கு நடுவில் யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, ப்ளக் பாயிண்ட் எங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் பல்லவியாக வைத்தேன். முதல் கண்ணியில் மக்கள் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் வீடு மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. கடைசிக் கண்ணியில் பெட்டி அவருடைய சொந்த வீட்டுக்கே வருகிறது. ப்ளக் பாயிண்ட் எங்கே என்று அங்கே யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு முடிகிறது. அந்தக் கண்ணிக்குப் பல வடிவம் எழுதினேன். அப்பா என்று ஒன்று, மனைவி என்று ஒன்று, கண்ணீர், தீபம், மாலை என்று ஒன்று. பிராஸான்ஸின் அளவுகோலை வைத்துப் பார்த்து எல்லாவற்றையும் நீக்கினேன். யார் இறந்தார் என்றே சொல்லாமல், கேள்வி எழாததை மட்டும் மிச்சம் வைத்தேன். மெட்டு முதல் கண்ணியில் எப்படித் துள்ளியதோ அப்படியே துள்ளுகிறது. இழவு வீட்டாரை அந்தப் பாட்டில் எங்கும் கேலி செய்யவில்லை. பெட்டிக்காரரையும் கேலி செய்யவில்லை. வேலை என்பதன் விசித்திரம் மட்டும்தான் அதில் சிரிப்பாகிறது.

எழுதும் பொறுமையிலும் அவர் எனக்கு முன்மாதிரி. சொற்களை முதலில் எழுதி, மேசைமேல் தாளம் தட்டி அளவு பார்த்து, பலமுறை திருத்திய பிறகே வெளியே விடுவார். திருப்தி வராத பாட்டைக் கைவசம் வைத்திருந்தார். அவர் மறைந்தபோது எஞ்சியிருந்த பாட்டுகளை நண்பர் ழான் பெர்த்தோலா பின்னர் பாடிப் பதிவு செய்தார். 1967இல் பிரெஞ்சு அகாதமி அவருக்குக் கவிதைக்கான பெரும் பரிசை அளித்தது. கெட்ட வார்த்தையும் பழங்காலச் சொல்லும் ஒரே வரியில் கூச்சமின்றி உட்கார்ந்திருக்கும் பாட்டுகளுக்கு அந்தப் பரிசு கிடைத்தது என்பதில், பாட்டு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

1981 அக்டோபர் 9 அன்று பிரான்சில் மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இருபது நாள் கழித்து, அக்டோபர் 29 அன்று, புற்றுநோயால் பிராஸான்ஸ் இறந்தார். சேத் ஊரில், எளியவர்களின் கல்லறை என்று பெயர் பெற்ற லெ பி மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அது கடற்கரை இல்லை, உப்பங்கழிக்குப் பக்கம். சட்டத்தை மாற்றியது பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். வழக்கறிஞர்களும் அரசியல்வாதிகளும் பல்லாண்டு போராடி மாற்றினார்கள். ஆனால், முப்பது ஆண்டுகளாக ஒரு நாடு சிரித்துக்கொண்டே ஒரு கடைசி வரிக்கு வந்து, வெட்டப்பட்டவனும் அம்மாவைக் கூப்பிட்டவன்தான் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டால் செய்ய முடிந்தது அது. குறைவான வேலை இல்லை.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு என் யோசனை: கொரில்லாவில் தொடங்குங்கள், கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேளுங்கள். பிறகு வெட்டியான் பாட்டு, அதை அடுத்து உடனே மார்த்தேன். மெட்டுகள் ஒரே மாதிரி இருப்பதாக முதலில் தோன்றலாம், கான்ட்ராபாஸைப் பின்தொடர்ந்து கேளுங்கள், வித்தியாசம் பிடிபடும். அதன்பின் ஆர்ஷிபால்ட் மாமா, உயில், கடைசியாக ஏழு நிமிட விண்ணப்பம். கிதார் வாசிக்கிறவர்கள் அந்த இரண்டு கார்டை எடுத்துக்கொண்டு, தங்கள் தெருவில் எல்லோரும் பார்த்தும் யாரும் பாடாத ஓர் ஆளைப் பற்றி எழுதத் தொடங்கலாம். அவரை நேசிக்க முடிந்தால் மட்டும் வேடிக்கையாக எழுதுங்கள். நேசம் இருந்தால் எவ்வளவு இருட்டுக்குள்ளும் போகலாம். கேட்பவர்கள் கூடவே வருவார்கள்.